ரேஸ் அட்டையில் எடையைப் படிப்பது எப்படி

கிண்டி ரேஸ் அட்டையைக் கையில் எடுப்பவர்களில் பாதிப் பேர் ஜாக்கி பெயரைத் தேடுவார்கள். மீதிப் பேர் பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று காதைக் கொடுப்பார்கள். நடுவில் 60, 57.5, 54 என்று ஒரு எண் வரிசை இருக்கும். அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. அது அந்தக் குதிரை சுமந்து ஓட வேண்டிய எடை, கிலோக் கணக்கில். தகுதிக்கேற்ப எடை மாறும் ஹேண்டிகேப் ரேஸாக இருந்தால் அந்த வரிசையை எழுதியவர் ரேஸ் நடத்தும் கிளப்பின் ஹேண்டிகேப்பர். எந்தக் குதிரை எவ்வளவு நல்ல குதிரை என்று அவர் நினைக்கிறாரோ, அதைக் கிலோவாக மாற்றி எழுதியிருக்கிறார். ஆக, அது ஒரு ஆளுடைய கருத்து. கருத்தைச் சரிபார்க்கலாம், தேவைப்பட்டால் மறுக்கவும் செய்யலாம். அதற்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் போதும்.

டிப்ஸ் எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று இதில் இருக்காது. போன ரேஸில் எந்தக் குதிரை உண்மையில் நன்றாக ஓடியது என்று கண்டுபிடிக்கும் வழிதான் இருக்கிறது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தபோது, ஆராய்ந்து எடைபோடக்கூடிய விஷயங்கள் என்று சொன்ன பட்டியலில் குதிரையின் தகுதி, ஜாக்கியின் திறமை, தூரம் ஆகியவற்றோடு சுமக்கும் எடையும் இருந்தது. அந்த ஆராய்ச்சியை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் குறிப்பு. (2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்த பிறகு கிண்டி நிலத்தைச் சுற்றி எழுந்த வழக்கு தனிக் கதை, அதற்குள் போகவில்லை.)

முதலில் நிபந்தனை வரி

ரேஸ் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் எடையைப் படித்தால் எல்லாமே தப்பாகிவிடும்.

'20 முதல் 45 வரை ரேட்டிங் உள்ள குதிரைகளுக்கு' என்ற மாதிரி இருந்தால் அது ஹேண்டிகேப். குதிரையின் தகுதிக்கு ஹேண்டிகேப்பர் போடும் எண்தான் ரேட்டிங். நல்ல குதிரைக்கு அதிகச் சுமை, சுமாரான குதிரைக்குக் குறைந்த சுமை. 'டெர்ம்ஸ்' என்று இருந்தால் ஹேண்டிகேப்பருக்கு அங்கே வேலை இல்லை. வயது, ஆணா பெண்ணா, இதுவரை என்ன ஜெயித்திருக்கிறது என்பதை வைத்து எடையை நிபந்தனையிலேயே எழுதிவிடுவார்கள். டெர்பி, கினீஸ், ஓக்ஸ் போன்ற கிளாசிக் ரேஸ்கள் இந்த வகை. இந்தியன் டெர்பியில் ஆண் குதிரைக்கு 57 கிலோ, பெண் குதிரைக்கு 55.5. இந்த ஒன்றரைக் கிலோவைத் தவிர யாருக்கும் எந்தச் சலுகையும் கிடையாது.

இரண்டையும் நியாயம் என்றுதான் சொல்கிறோம், ஆனால் இரண்டும் வேறு வேறு நியாயம். டெர்பியில் நிபந்தனை எல்லோருக்கும் ஒன்று. சிறந்த குதிரை ஜெயிக்க வேண்டும், ஏனென்றால் நாளை இனவிருத்திப் பண்ணையில் அதன் குட்டிக்குத்தான் விலை. ஹேண்டிகேப்பில் வாய்ப்பு எல்லோருக்கும் ஒன்று. சிறந்த குதிரை சுலபமாக ஜெயித்துவிடக் கூடாது. அப்படி இல்லாவிட்டால் நான்கு நல்ல குதிரைகளின் சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாரும் குதிரையைக் களத்துக்கு அனுப்ப மாட்டார்கள், ரேஸும் காலியாகிவிடும். ஹேண்டிகேப்பரின் கனவில் பத்துக் குதிரையும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொடும்.

'நல்ல குதிரையைத் தண்டிப்பது அநியாயம் இல்லையா' என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தண்டனை வேண்டாம் என்றால் டெர்ம்ஸ் ரேஸ் இருக்கிறது. ஆனால் அங்கே ஜெயிக்க உண்மையிலேயே பெரிய குதிரை வேண்டும்.

வயதுக்கான எடை இந்த இரண்டுக்கும் நடுவில் வரும். இளங்குதிரைக்கு உடம்பு இன்னும் முற்றியிருக்காது. வளர்ந்த குதிரையோடு ஓடினால் ஒரு சலுகை தர வேண்டும். எந்த மாதத்தில், எந்தத் தூரத்துக்கு, எத்தனை என்ற அட்டவணையை 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர் அட்மிரல் ரௌஸ். 1855 முதல் பிரிட்டனில் பொது ஹேண்டிகேப்பராக இருந்தவர். தூரம் கூடக்கூடச் சலுகை கூடும். ஆண்டுக் கடைசியை நெருங்க நெருங்கக் குறையும். அக்டோபரில் பாரிஸில் 2400 மீட்டருக்கு நடக்கும் ஆர்க் டி ட்ரையம்ஃப் ரேஸில் நான்கு வயதும் அதற்கு மேலும் ஆன ஆண் குதிரைக்கு 59.5, மூன்று வயதுக்கு 56.5. பெண் குதிரை என்றால் இதிலும் ஒன்றரை குறையும்.

இந்தியாவில் பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி 1 தான் பிறந்தநாள். குளிர்கால சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போவதால், டிசம்பர் கினீஸில் மூன்று வயதாக ஓடும் அதே குதிரை ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ டெர்பி ஓடும்போது நான்கு வயது. வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டுப் பார்ப்பவர்கள் இங்கேதான் வழுக்கி விழுவார்கள்.

ரேட்டிங்கிலிருந்து கிலோவுக்கு

இந்தியாவில் ரேட்டிங் ஒரு புள்ளிக்கு அரைக் கிலோ. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 0.45 கிலோ. வித்தியாசம் சொற்பம் என்பதால் அங்கே பயன்படும் முறை இங்கேயும் ஓடும்.

ரேஸில் இருப்பதில் ரேட்டிங் அதிகமான குதிரைக்கு டாப் வெயிட், அதாவது அந்த ரேஸின் மிக அதிக எடை. அது 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றக் குதிரைக்கு டாப் குதிரையின் ரேட்டிங்கிலிருந்து எத்தனை புள்ளி குறைவோ அதில் பாதியை 60இலிருந்து கழிக்க வேண்டும்.

டாப் குதிரை 45. அடுத்தது 38 என்றால் வித்தியாசம் 7, பாதி மூன்றரை, எடை 56.5. ரேட்டிங் 34க்கு 54.5. ரேட்டிங் 31க்கு 53.

இப்போது 20 ரேட்டிங்குக்குப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 25, பாதி பன்னிரண்டரை, எடை 47.5 வர வேண்டும். ஆனால் அந்த எடைக்கு ஜாக்கி கிடைக்க மாட்டார். அதனால் பாட்டம் வெயிட் என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே எடையை இறக்க மாட்டார்கள். பாட்டம் 50 என்றால் அந்தக் குதிரை தனக்கு உரியதைவிட இரண்டரைக் கிலோ அதிகம் சுமக்கிறது. ஐந்து புள்ளி. அட்டையில் 50 என்று மட்டும் பார்த்துவிட்டு 'லைட் வெயிட், பறந்துவிடும்' என்று சொல்பவர்கள் இந்த ஐந்து புள்ளியைக் கவனிப்பதில்லை. கடைசி மூன்று குதிரைக்கும் ஒரே 50 போட்டிருந்தால் ரேட்டிங்கைப் பாருங்கள். 25 ரேட்டிங் குதிரைக்கு அந்த 50 சரியான எடை, 20க்கு அது அநியாயம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். டாப் குதிரை வரவில்லை என்றால் எஞ்சியதில் உயர்ந்த குதிரைக்கு டாப் வெயிட் வரும்படி எல்லோர் எடையையும் ஒரே அளவில் ஏற்றுவார்கள். முதலில் வெளியான எடையையும் கடைசி அட்டையில் இருக்கும் எடையையும் ஒப்பிட்டு, எல்லாமே இரண்டு கிலோ ஏறியிருந்தால் பதற வேண்டாம். குதிரைகளுக்கு இடையிலான வித்தியாசம் மாறவில்லை. பாட்டம் வெயிட்டில் தவித்துக்கொண்டிருந்த குதிரைக்கு மட்டும் அது லாபம், ஏனென்றால் மற்றவை ஏறும் அளவுக்கு அதன் எடை ஏறாது, தன் உண்மையான இடத்துக்கு அது நெருங்கி வருகிறது.

வகுப்புகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்பது இன்னொரு நுணுக்கம். 20–45 ஒரு ரேஸ், 40–65 இன்னொரு ரேஸ் என்றால் 43 ரேட்டிங் குதிரைக்கு இரண்டு வழி. கீழ் வகுப்பில் 59 கிலோ சுமந்து சுமாரான குதிரைகளோடு ஓடலாம். மேல் வகுப்பில் போனால் கணக்குப்படி 49, பாட்டம் 50 என்பதால் 50 சுமந்து நல்ல குதிரைகளோடு ஓடலாம். புள்ளிக் கணக்கில் ஏறக்குறைய இரண்டும் ஒன்றுதான். ஆனால் மேல் வகுப்பில் முதலிலிருந்தே வேகம் அதிகமாக இருக்கும். பின்னாலிருந்து பாய்ந்து வரும் குதிரைக்கு அது ஒத்துவரும். முன்னால் தனியாக ஓடிப் பழகிய குதிரைக்குக் கீழ் வகுப்பில் 59 கிலோவே மேல் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஒரு லெங்த் எத்தனை கிலோ?

கணக்கின் உயிர் இதில் இருக்கிறது. ஒரு லெங்த் என்பது ஒரு குதிரை நீளம், சுமார் 2.4 மீட்டர். ஒரு லெங்த்தில் ஜெயித்த குதிரைக்கு எத்தனை கிலோ கூட்டினால் அடுத்த முறை சமமாக வரும்? பதில் தூரத்தைப் பொறுத்தது. 1000 மீட்டரில் ஒரு லெங்த் என்பது மொத்த ஓட்டத்தில் 0.24 சதவீதம்; 2400 மீட்டரில் 0.1 சதவீதம் மட்டும். அதனால் குறுகிய தூரத்தில் ஒரு லெங்த்துக்கு மதிப்பு அதிகம்.

உலகம் முழுக்கப் பரவலாகப் புழங்கும் அளவுகோலைக் கிலோவில் சொன்னால், 1000 மீட்டருக்கு ஒரு லெங்த் சுமார் 1.35 கிலோ. 1200க்கு 1.1. 1400 முதல் 1600 வரை 0.9. 2000க்கு 0.8. 2400க்கு 0.7. 2800க்கு 0.6. 3200க்கு 0.45. இரண்டால் பெருக்கினால் ரேட்டிங் புள்ளி வந்துவிடும்: 1200க்கு 2.2, மைல் ரேஸுக்கு (1600 மீட்டர்) 1.8, 2400க்கு 1.4.

லெங்த்துக்குக் குறைந்த வித்தியாசங்களும் இதே அளவுகோலில்தான். கழுத்து கால் லெங்த். தலை 0.2. ஷார்ட் ஹெட் 0.1. மூக்கு 0.05; இதற்குப் புள்ளி போட வேண்டாம், சமம் என்றே வையுங்கள்.

அளவுகோல் எவ்வளவு முரட்டுத்தனமாக வேலை செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கப் நல்ல சாட்சி. 3200 மீட்டர் ஹேண்டிகேப். ஃபார் லேப் என்ற குதிரை 1930இல் 62.5 கிலோவோடு ஜெயித்தது. அடுத்த ஆண்டு ஹேண்டிகேப்பர் 68 கிலோ போட்டார், எட்டாவதாக வந்தது. ஐந்தரைக் கிலோ கூடுதல் என்றால் அளவுகோல்படி 12 லெங்த். எந்தக் குதிரைக்கும் அதை விட்டுக்கொடுப்பது கஷ்டம். மாறாக மேக்பி டிவா 2003இல் 51, 2004இல் 55.5, 2005இல் 58 என்று ஏற ஏற மூன்று முறையும் ஜெயித்தது. ஹேண்டிகேப்பர் ஒவ்வொரு முறையும் ஏற்றினார். குதிரை அதைவிட வேகமாக முன்னேறியது.

முடிவைத் திருப்பிப் போடுவது

ஒரு ரேஸை எடுத்துக்கொள்வோம். 1200 மீட்டர், 20–45 வகுப்பு, டாப் வெயிட் 60. முதல் நான்கு இடம் இப்படி:

3ஆம் எண், ரேட்டிங் 38, எடை 56.5, முதல் இடம்.
1ஆம் எண், ரேட்டிங் 45, எடை 60, இரண்டு லெங்த் பின்னால்.
6ஆம் எண், ரேட்டிங் 31, எடை 53, அதிலிருந்து முக்கால் லெங்த் பின்னால்.
5ஆம் எண், ரேட்டிங் 34, எடை 54.5, அதிலிருந்து ஒரு கழுத்து பின்னால்.

முதல் வேலை, நங்கூரக் குதிரையைத் தேர்ந்தெடுப்பது. தன் ரேட்டிங்குக்குச் சரியாக ஓடியிருக்கும் என்று நாம் நம்பும் ஒரு குதிரை வேண்டும். சமீபத்தில் பல முறை ஓடி, ரேட்டிங் ஏறாமலும் இறங்காமலும் இருப்பது, இதே தூரத்தில் ஓடிப் பழகியது, வழியில் தடைபடாதது. இந்த ரேஸில் 5ஆம் எண் அப்படிப்பட்டது என்று வைப்போம். அதன் ஓட்டம் 34.

இரண்டாவது வேலை, மற்றவை நங்கூரத்துக்கு எத்தனை லெங்த் முன்னால் என்று கூட்டுவது. 6ஆம் எண் கால் லெங்த். 1ஆம் எண் ஒரு லெங்த். 3ஆம் எண் மூன்று லெங்த்.

மூன்றாவது, லெங்த்தைப் புள்ளியாக்கி அந்தந்தக் குதிரையின் ரேட்டிங்கோடு கூட்டுவது. எடை ரேட்டிங்படியே போட்டிருப்பதால் எடை வித்தியாசத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. அது ரேட்டிங்குக்குள் ஏற்கனவே இருக்கிறது. 3ஆம் எண்: மூன்று லெங்த், 2.2ஆல் பெருக்கினால் 6.6, முழு எண்ணாக 7. 38 கூட்டல் 7, ஆக 45. 1ஆம் எண்: ஒரு லெங்த், 2 புள்ளி, 45 கூட்டல் 2, ஆக 47. 6ஆம் எண்: அரைப் புள்ளி, ஏறக்குறைய அதே 31.

இப்போது பாருங்கள். கோப்பை வாங்கியது 45க்கு ஓடியது. தோற்ற 1ஆம் எண் 47க்கு ஓடியிருக்கிறது. அன்றைய சிறந்த ஓட்டம் இரண்டாவதாக வந்த குதிரையுடையது. மூன்றரைக் கிலோ அதிகம் சுமந்துகொண்டு இரண்டு லெங்த்தில்தான் தோற்றது. மறுநாள் பத்திரிகையில் ஜெயித்த குதிரையின் பெயர்தான் தடித்த எழுத்தில் வரும்.

ஹேண்டிகேப்பரும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார், ஆனால் முழுதாகக் கொடுக்க மாட்டார். ஒரு நாள் ஓட்டத்தை நம்பி ஏழு புள்ளியும் ஏற்றிவிட்டால், அந்த ஓட்டம் அதிர்ஷ்டமாக இருந்தால் குதிரை மாதக்கணக்கில் ஜெயிக்காது. ஜாக்கி சும்மா உட்கார்ந்தபடி ஜெயித்திருந்தால் அதிகம் ஏற்றுவார், அடித்து விரட்டி ஜெயித்திருந்தால் குறைவு. தோற்ற குதிரைக்குப் புள்ளி இறக்குவதில் இன்னும் நிதானம். ஏறும்போது படியைத் தாண்டி, இறங்கும்போது ஒவ்வொரு படியாக என்பது எல்லா ஊர் ஹேண்டிகேப்பர்களின் தற்காப்பு.

உங்கள் எண்ணும் அடுத்து வெளியாகும் ரேட்டிங்கும் ஐந்து புள்ளிக்கு மேல் வேறுபட்டால் அந்த ரேஸ் வீடியோவை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் நங்கூரக் குதிரையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள்.

கணக்கு எங்கே தடம் புரளும்

பயிற்சி ஜாக்கி. அப்ரெண்டிஸ் ஏறினால் அவர் ஜெயித்த எண்ணிக்கைக்கேற்ப எடைச் சலுகை உண்டு. அட்டையில் பெயர் பக்கத்தில் குறிப்பு இருக்கும். மேலே சொன்ன 3ஆம் எண்ணில் மூன்று கிலோ சலுகை உள்ள பையன் ஏறியிருந்தால் குதிரை உண்மையில் சுமந்தது 53.5. மூன்று கிலோ, ஆறு புள்ளி. அதைக் கழித்தால் 45 என்பது 39 ஆகிவிடும், அதாவது குதிரை முன்னேறவே இல்லை. ஆனால் அந்தச் சலுகை அனுபவக் குறைவுக்கு ஈடாகக் கொடுப்பது. அதை முழுதாகக் கழித்தால் பையன் சீனியர் ஜாக்கிக்குச் சமம் என்று ஒத்துக்கொள்கிறீர்கள். முதல் சில வெற்றிகளோடு இருக்கும் பையனுக்கு எதையும் கழிக்காதீர்கள். சலுகை முடியப்போகும் கட்டத்தில் இருக்கும் நல்ல பையனுக்குப் பாதி கழியுங்கள். அடுத்த முறை அதே குதிரையில் சீனியர் ஏறினால் மூன்று கிலோ திரும்ப ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஓவர்வெயிட். குதிரைக்கு 50 போட்டிருக்க, ஜாக்கியால் 51க்குக் கீழே இறங்க முடியாமல் போகும். அது அறிவிப்பாக வரும், அச்சடித்த அட்டையில் இருக்காது. முடிவை வைத்துக் கணக்குப் போடும்போது 51ஐத்தான் எடுக்க வேண்டும். அந்தக் குதிரைக்கு இரண்டு புள்ளி கூட்டுங்கள்.

மந்தமான வேகம். முதல் பாதியை எல்லோரும் நடைபோல ஓடிவிட்டுக் கடைசி 400 மீட்டரில் விரைந்தால் குதிரைகள் கொத்தாக வந்து சேரும். வித்தியாசம் ஒன்றரை லெங்த்துக்குள் அடங்கிவிடும். அப்படிப்பட்ட ரேஸில் நல்ல குதிரை சுமாராகவும், சுமாரான குதிரை நல்லதாகவும் தெரியும். மொத்த நேரத்தை அதே நாள், அதே தூரத்தில் நடந்த வேறு ரேஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல ஓட்டத்தில் குதிரை நொடிக்கு 16 மீட்டருக்குக் குறையாமல் போகும். அதாவது ஒரு நொடியில் ஆறேழு லெங்த். மேல் வகுப்பு ரேஸ் கீழ் வகுப்பைவிட இரண்டு நொடி மெதுவாக முடிந்திருந்தால் அந்த முடிவை நோட்டில் எழுதாமல் விட்டுவிடலாம்.

மழை. சென்னையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சீசனின் முதல் பாதியோடு மோதும். தரை ஊறினால் குதிரைகள் சிதறி ஓடும், வித்தியாசங்கள் பெரிதாகும். 1200 மீட்டரில் எட்டு லெங்த்தில் ஜெயித்ததை 18 புள்ளி என்று எழுதினால் அந்தக் குதிரையை டெர்பிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஈரத் தரையில் ஒரு லெங்த்துக்கு அளவுகோலில் இருப்பதில் முக்கால் பங்கு போடுங்கள். எந்தத் தரையாக இருந்தாலும் பத்து லெங்த்துக்கு அப்பால் தோற்ற குதிரைக்குக் கணக்கே போடாதீர்கள். வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் ஜாக்கி கையைத் தளர்த்திவிடுவார்.

தராசு அறை

காகிதத்தில் 57.5 என்று எழுதியதைக் குதிரை முதுகில் 57.5 ஆக்கும் இடம் இது. ஜாக்கி சேணத்தையும் சேணத்துக்கு அடியில் போடும் ஈயப் பை உள்ள துணியையும் கையில் பிடித்துக்கொண்டு தராசில் ஏறுவார். ஜாக்கியின் உடம்பு, உடை, பூட்ஸ், சேணம், வார், ஈயம் எல்லாம் சேர்த்து வர வேண்டிய எண் அது. தலைக்கவசம், சாட்டை, கடிவாளம் சேராது.

ஜாக்கி 50 கிலோ, சாமானும் உடையும் 3 என்றால் ஈயம் நாலரை. தட்டையான ஈயத் தகடுகள் துணியின் பாக்கெட்டுகளில் இரு பக்கமும் சமமாக, முடிந்தவரை முன்பக்கம், தோள்மேட்டுக்கு அருகில் போக வேண்டும். ஒரு பக்கம் கூடினால் வளைவில் சேணம் நகரும். பின்னால் தள்ளிப் போட்டால் குதிரையின் இடுப்பில் இடிக்கும். ஜாக்கியின் உடம்பு குதிரையோடு சேர்ந்து அசையும். ஈயம் அசையாது, அதனால் அதைச் செத்த எடை என்பார்கள். ஈயத்தைக் குறைக்க விரும்பும் ட்ரெய்னர் கொஞ்சம் கனமான சேணமாகப் பார்த்துப் போடச் சொல்வார்.

ரேஸ் முடிந்ததும் ஜாக்கி நேராகத் தராசுக்குத் திரும்ப வேண்டும், வழியில் யாரும் அவருக்கு எதையும் கொடுக்கக் கூடாது. விதி அனுமதிக்கும் சிறு குறைவைத் தாண்டி எடை குறைந்தால் குதிரை தகுதி நீக்கம், முதலில் வந்திருந்தாலும். ஈயத் தகடு ஓட்டத்தில் நழுவி விழுந்தால் இப்படி ஆகும். பாக்கெட்டின் பட்டையைச் சரியாகக் கட்டாததுதான் பெரும்பாலும் காரணம். முடிவு உறுதி என்று சொல்லும் 'ஆல் கிளியர்' வருவதற்கு முன் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள் என்று பழைய ஆட்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடைக் கணக்கு குதிரைக்கு நியாயம் செய்யலாம், ஜாக்கிக்கு அது எப்போதும் நியாயமாக நடந்ததில்லை. ஐம்பதுக்கு இறங்குவதற்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் விட்டு, நீராவி அறையில் வியர்வையைப் பிழிந்து வருபவர்கள் உண்டு. சென்னையின் புழுக்கத்தில் அது இன்னும் ஆபத்து. பிரிட்டனின் பெரிய ஜாக்கி ஃப்ரெட் ஆர்ச்சர் உயரமான ஆள். 1886 அக்டோபரில் கேம்பிரிட்ஜ்ஷயர் ஹேண்டிகேப்புக்காகப் பட்டினி கிடந்து இறங்கியும் ஒரு பவுண்டு அதிகமாக ஏறி, ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றார். சில நாளில் காய்ச்சல் வந்தது. நவம்பரில் இறந்தபோது வயது 29. பாட்டம் வெயிட்டை உயர்த்தினால் கீழே உள்ள குதிரைகளுக்கு அநியாயம் என்று முணுமுணுப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கட்டும். எங்களைக் கேட்டால் பாட்டமும் டாப்பும் சேர்ந்து ஏற வேண்டும். அரைக் கிலோ எடையில் 450, 500 கிலோ குதிரைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ரேட்டிங்கை இறக்கும் வித்தை

ஹேண்டிகேப்பின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது. நன்றாக ஓடினால் எடை ஏறும் என்றால், ஓடாமல் இருந்து எடையை இறக்கலாமே? ஒவ்வொரு குதிரையும் தன் தகுதிக்கு ஓடியாக வேண்டும் என்பது விதி. ரேஸை மேற்பார்க்கும் ஸ்டூவர்டுகள் விளக்கம் கேட்பார்கள், ஜாக்கியையும் ட்ரெய்னரையும் தடை செய்யவும் முடியும். ஆனால் விதிக்குள்ளேயே இடம் இருக்கிறது. மைல் குதிரையை 1000 மீட்டரில் ஓடவிடலாம். ஓய்விலிருந்து வந்த குதிரையை முழுப் பயிற்சி முடியும் முன்பே களத்தில் இறக்கலாம். இதில் எல்லாமே தந்திரம் என்று சொல்லிவிடவும் முடியாது. நீண்ட ஓய்வுக்குப் பின் குதிரைக்கு இரண்டு ஓட்டம் தேவைப்படுவது உண்மை.

அட்டையில் இதைப் பிடிக்க நாலு விஷயத்தை ஒன்றாகப் பார்க்க வேண்டும். இப்போதைய ரேட்டிங், குதிரை கடைசியாக ஜெயித்தபோது இருந்த ரேட்டிங், இன்றைய தூரம், இன்றைய ஜாக்கி. 48இல் ஜெயித்த குதிரை 36க்கு இறங்கி, மூன்று ஓட்டம் பொருந்தாத தூரத்தில் ஓடிவிட்டு, இன்று பழைய தூரத்துக்குப் பெரிய ஜாக்கியோடு வருகிறது என்றால், அது ஆறு கிலோ இலவசமாகப் பெற்று வருகிறது. இதே குதிரைக்கு வயது எட்டு, கடைசி வெற்றிக்குப் பிறகு ஒரு வருஷம் களத்திலேயே இல்லை என்றால் கதை வேறு: கால் போயிருக்கும், 36 தான் அதன் உண்மையான இடம். எண் இரண்டுக்கும் ஒன்றுதான். ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் குதிரை நடப்பதைப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

நோட்டு எப்படி இருக்க வேண்டும்

ஒரு குதிரைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி: தேதி, தூரம், தரை, அன்றைய ரேட்டிங், உண்மையில் சுமந்த எடை, ஜாக்கி, எத்தனை லெங்த், நீங்கள் போட்ட ஓட்ட எண். கடைசியில் ஒரே ஒரு சொல்லுக்கு இடம்: 'தடைபட்டது', 'எளிது', 'மந்தம்', 'ஈரம்'. அதற்கு மேல் எழுதினால் மறுபடி படிக்க மாட்டீர்கள்.

புது ரேஸ் வரும்போது ஒவ்வொரு குதிரைக்கும் கடைசி நாலு ஓட்ட எண்களில் மிகப் பெரியதை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். அதிலிருந்து இன்றைய ரேட்டிங்கைக் கழியுங்கள். பாட்டம் வெயிட்டில் மாட்டியிருந்தால் அதற்கான புள்ளியையும் கழியுங்கள், அப்ரெண்டிஸ் ஏறினால் மேலே சொன்னபடி பாதியைக் கூட்டுங்கள். மிச்சம் கூட்டலில் வந்தால் ஹேண்டிகேப்பர் அந்தக் குதிரைக்குச் சலுகை தந்திருக்கிறார் என்பது உங்கள் கட்சி. பெரும்பாலான குதிரைகள் கழித்தல் இரண்டிலிருந்து கூட்டல் இரண்டுக்குள் நிற்கும். அந்த அளவு வித்தியாசத்தை நம்பிப் பேசாதீர்கள், அது கணக்கின் இரைச்சல். கூட்டல் ஐந்துக்கு மேல் ஒரு குதிரை வந்தால், சந்தோஷப்படும் முன் அந்த ஓட்டம் 'ஈரம்' என்று எழுதிய நாளில் வந்ததா என்று பாருங்கள்.